நாலாவது சுத்து

எங்க ஊட்டுக்காரருக்கு ரெண்டு சம்சாரம். புதுசா ஊட்டுக்கு வர்றவங்க கிட்ட நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். வந்தவங்க முகம் ஒரு மாதிரியாப் போயிரும். அவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, மறுக்காமச் சிரிப்பார். அப்புறம் நானே எந்திரிச்சுப் போய் மூத்தவளைக் காட்டுவேன். பீரோவுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் மேல பூப்போட்ட துணி போத்தி உக்காந்திருப்பா. துணியை எடுத்தா ஒரு மரப்பொட்டி. முன்பக்கம் வரிசையா பட்டன், ரெண்டு திருகு, ஒரு சின்ன சிவப்பு லைட்டு. நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே அந்த ஊட்டுல இருந்தவ. மழை பேஞ்சு ஓடு ஒழுகினா முதல்ல அவளைத்தான் நகர்த்துவார். அப்புறம் அரிசி மூட்டை. அதுக்கப்புறந்தான் நான்.

அதுக்குப் பேரு ரிதம் பாக்ஸ். இப்ப டிரம் மெஷின்னு சொல்றாங்க. பட்டனை அமுக்கினா அதுவாத் தாளம் போடும், தோலும் வேண்டாம், குச்சியும் வேண்டாம். கோயமுத்தூர்ல ஒரு ஓட்டல்ல சாயங்காலம் ஆர்கன் வாசிச்சுக்கிட்டிருந்த ஒருத்தர் ஊரைவிட்டுப் போறப்ப, அவர் கிட்ட இருந்து இவர் வாங்கிட்டு வந்தது. ஜப்பான்காரன் பண்ணினது. அங்கத்து கரண்டுக்கும் நம்மூர் கரண்டுக்கும் ஒத்துப்போகாதுன்னு நடுவுல ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வெச்சிருந்தார். அது எந்நேரமும் ங்ஙேன்னு முனகிக்கிட்டே கிடக்கும். மூத்தவளுக்கு ஒரு மாமியாரும் உண்டுன்னு சொல்லுவேன்.

பகல்ல இவர் ஒரு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். சனி, ஞாயிறு, முகூர்த்த நாள்னா லைட் மியூசிக் கச்சேரி. பெரிய கச்சேரிக்கு டிரம்ஸ்காரர் முழு செட்டோட வேன்ல வருவார். காதுகுத்து, சீரு, சின்ன ரிசப்ஷன்னா அவ்வளவு சாமானை யார் தூக்கறது? கீபோர்டு ஒருத்தர், பாட ரெண்டு பேர், மடியில பொட்டியை வெச்சுக்கிட்டு இவர். டிவிஎஸ் ஃபிஃப்டி மாதிரி ஒரு வண்டியிலயே மூத்தவளை முன்னாடி உக்கார வெச்சு பல்லடம், அவிநாசின்னு சுத்திட்டு வந்துருவார். ஒரு தவிலோ தபேலாவோ தட்டத் தெரியாது அந்த மனுசனுக்கு. தாளம் மட்டும் உடம்பு பூராவும் ஓடும். சோத்தைப் பிசையறப்பக்கூடக் கணக்காப் பிசைவார்.

அந்தப் பொட்டியில இருந்த பட்டன் ஒன்னுல கூட நம்மூர்ப் பேரு கிடையாது. ரும்பா, சம்பா, சா சா, வால்ட்ஸ், ஸ்விங், ராக், டிஸ்கோ. எந்த ஊர்லயோ எவனோ ஆடற ஆட்டத்தோட பேரு. அதை வெச்சுக்கிட்டுத்தான் இவங்க சாமிப் பாட்டும் தாலாட்டும் பாடணும். இவர் ரெண்டு பட்டனை ஒரே சமயத்துல அமுக்குவார். சம்பாவும் ராக்கும் சேந்தா ஒரு மாதிரி குத்து வரும். அதுக்குக் கீழ இன்னொரு வரிசை பட்டன், அதை அமுக்கினா சிம்பல் மட்டும் நின்னுரும், இல்லாட்டி பேஸ் டிரம் மட்டும் நின்னுரும். அதைப் பண்ணினவன் என்ன நினைச்சுப் பண்ணினானோ, இவர் அதுலதான் வித்தையெல்லாம் காட்டுவார். பாட்டு ஓடிக்கிட்டிருக்கும்போதே சிம்பலை எடுப்பார், வெப்பார், பேஸை ஒரு நொடி முழுங்கவெச்சுத் திருப்பி விடுவார். கேக்கறவங்க இருட்டுல யாரோ ஆள் உக்காந்து வாசிக்கறார்னு எட்டி எட்டிப் பாப்பாங்க.

ஆனா அவ அழுத்தக்காரி. பல்லடத்துல ஒரு ரிசப்ஷன்ல பாடறவர் சரணத்தை மறந்துட்டு வாயைத் தொறந்தபடி நின்னுட்டாராம். கீபோர்டு நின்னுச்சு, கோரஸ் பாடுன புள்ளை நின்னுச்சு. இவ மட்டும் டும் டக்குன்னு அவ பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்திருக்கா. மாப்பிள்ளை பொண்ணு உட்படச் சிரிச்சுட்டாங்களாம். "ஆளா இருந்தா வெக்கப்பட்டு நிறுத்தியிருப்பான். இதுக்கு எதைக் கண்டு வெக்கம்? நாமளா நிறுத்தினாத்தான் நிக்கும்"னு இவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்ப நானும் சிரிச்சேன்.

நான் அவரை முதல்ல பாத்தது காங்கேயம் பக்கத்துல எங்க ஊர் மாரியாத்தா நோம்பியில. அந்த வருசம் கும்மிக்கு மேளம் அடிக்கறவர் உடம்பு முடியாமப் படுத்துட்டார். அன்னைக்குச் சாயங்காலம் கச்சேரிக்கு வந்திருந்த இவங்க கிட்ட யாரோ போய், கும்மிக்குக் கொஞ்சம் தாளம் போட்டுக் குடுங்கன்னு கேட்டுட்டாங்க. பொட்டியை மைக்குக்குப் பக்கத்துல வெச்சதும் பொம்பளைங்க பூராவும் முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கறாங்க. பொட்டிக்கு எவடி ஆடுவான்னு ஒரே பேச்சு. இவர் வால்ட்ஸ் பட்டனை அமுக்கினார். அது வெள்ளைக்காரங்க கட்டிப்பிடிச்சு மெதுவா ஆடறதுக்கு வெச்ச தாளம். ஸ்பீடு திருகைப் பிடிச்சு ஒரே திருப்பு. வேகம் ஏற ஏற, அந்த மூணு தட்டு அப்படியே நம்ம கும்மித் தாளமா வந்து நின்னுச்சு. எங்களையும் அறியாம எங்க கை தட்ட ஆரம்பிச்சுருச்சு.

ரெண்டு பாட்டு ஆடினோம். எனக்குப் பொறுக்கலை. நான் வாய் சும்மா இருக்கற ஆளு இல்லீங்க. வட்டத்தை விட்டு நேரா மேடைக்குப் போனேன். "ஏனுங்க, நாலாவது சுத்துக்கு நாங்க உள்ளபக்கம் திரும்பிக் கும்மி தட்டணும். மேளக்காரர்னா அந்த எடத்துல மாத்தித் தட்டுவாருங்க. உங்க பொட்டி ஒரே மாதிரி அடிச்சா நாங்க எங்க திரும்பறதுங்க?"ன்னு கேட்டேன். தாளம் ஒரு தடவை முழுசா வந்து முடியறதைத்தான் சுத்துன்னு சொல்றது. கூட இருந்தவங்க சிரிச்சாங்க. இவர் சிரிக்கலை. பொட்டியைப் பாத்தார், என்னைப் பாத்தார். "சரீங்க, போய் ஆடுங்க"ன்னார். நாங்க வட்டத்துக்கு வந்தோம். முதல் சுத்து, ரெண்டாவது, மூணாவது. நாலாவது சுத்துல சிம்பல் சத்தம் டக்குனு காணாமப் போச்சு. வெறும் பேஸும் கட்டைச் சத்தமும் மட்டும். அத்தனை பேரும் ஒன்னாத் திரும்பினோம். அடுத்த சுத்துல சிம்பல் திரும்பி வந்துச்சு. அந்த ராத்திரி முழுக்க ஒரு தடவை கூட அவர் தவறவிடலை. நான் திரும்பறப்பல்லாம் அவர் என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தார்னு என் சித்தி மக சொன்னா. பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பா தொழிலை விசாரிச்சார், காடு தோட்டம் எவ்வளவுன்னு விசாரிச்சார். நான் எதையும் விசாரிக்கலை.

கல்யாணத்துக்கப்புறம் அந்த நாலாவது சுத்து அவருக்குப் பழக்கமே ஆயிருச்சு. கும்மியோ டிஸ்கோவோ, எந்தத் தாளம் போட்டாலும் நாலாவது சுத்துக்கு எதையாவது எடுப்பார், வெப்பார். சும்மா ஓடவிடவே மாட்டார். "நீ கேட்டுட்டுப் போயிட்ட அம்மிணி, என் விரலு மாட்டிக்கிச்சு"ன்னு சொல்லுவார்.

பாட்டுன்னா அவருக்கு வார்த்தை, ராகம் எல்லாம் அப்புறம். முதல்ல தாளத்துக்குள்ளதான் காதை விடுவார். டேப்புல புதுப் படப் பாட்டு வந்தா, சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சுட்டுக் காதைக் கிட்டக் கொண்டு போவார். "இது ஆள். பல்லவிக்குத் திரும்பறப்ப மயிரிழை அவசரப்படறான் பாரு. இது மெஷின். இதுக்கு அவசரமும் கிடையாது, அலுப்பும் கிடையாது." எனக்கு எல்லாம் ஒன்னாத்தான் கேக்கும். ஆமாங்க, ஆமாங்கன்னு சொல்லிட்டுக் குழம்பை ஊத்துவேன்.

அந்த மெஷின் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்னு தெரியாது. முதல்ல இந்த மாதிரிப் பொட்டி வந்தது, வெளிநாட்டுல ஊட்டுல தனியா உக்காந்து ஆர்கன் வாசிக்கறவங்களுக்குத் துணைக்காம். கூட வாசிக்க ஆள் இல்லாதவங்களுக்கு. அப்புறம் தாளத்தை நாமளே சொல்லிக்குடுக்கற மெஷின் வந்துச்சு. எந்த எடத்துல தட்டணும், எந்த எடத்துல சும்மா இருக்கணும்னு பட்டனைத் தட்டித் தட்டிச் சொன்னா, ஞாபகம் வெச்சுக்கிட்டு அதுவே போடும். ஆனா அதோட சத்தம் எந்த டிரம் மாதிரியும் இல்லையாம். பேஸ் அடிச்சா கிணத்துல கல்லுப் போட்ட மாதிரி இழுத்துக்கிட்டே போகும், கைதட்டல் எந்த மனுசன் கையிலயும் வராத கைதட்டல். இது டிரம்மே இல்லைன்னு வாசிக்கறவங்க ஒதுக்கிட்டாங்க. கடைக்காரன் கிடைச்ச விலைக்குத் தள்ளிவிட்டுட்டான். கையில காசு இல்லாத பசங்க அதை வாங்கிட்டுப் போய், ஊட்டு அறையில வெச்சு, அதோட பொய்ச் சத்தத்தை மறைக்காம அப்படியே முன்னாடி வெச்சுப் பாட்டுப் பண்ணினாங்க. ஜனம் ஆடிருச்சு. அங்க இருந்து பம்பாய், மெட்ராஸ்னு எல்லாப் பக்கமும் வந்துருச்சு. "இன்னைக்கு ஷேர் ஆட்டோவுல டும் டும்னு போகுதே, அது பூராவும் அந்த ஒதுக்கிப் போட்ட பொட்டியோட பேரன் பேத்திங்கதான் அம்மிணி. பொய்யா அடிச்ச டிரம்மே நிசமாயிருச்சு"ன்னு சொல்லுவார். கொஞ்ச வருசம் கழிச்சு, கம்ப்யூட்டர்ல தாளம் பண்றவங்க அது ஆள் வாசிக்கற மாதிரி இருக்கணும்னு அங்கங்க வேணும்னே தவறு வைக்கறாங்கன்னு எங்க மக சொன்னா. இவர் விழுந்து விழுந்து சிரிச்சார். "அதைத்தான் நான் உங்கம்மா திட்டினதுல இருந்து பண்ணிட்டிருக்கேன்"ன்னார்.

கீபோர்டுக்குள்ளயே ஆயிரம் தாளம் வந்ததுக்கப்புறம் மூத்தவளுக்குக் கச்சேரி நின்னுபோச்சு. அப்புறம் கச்சேரியே நின்னுபோச்சு. மக படிச்சு, கல்யாணமாகி பெங்களூர் போனா. அவர் கட்டிங் வேலைக்குப் போனார், வந்தார். அதுல பெரிய துக்கம் ஒன்னும் இல்லை. பொட்டி பூப்போட்ட துணிக்குள்ள இருந்துச்சு, அவ்வளவுதான்.

துக்கம் வலது கை வழியா வந்துச்சு. கட்டிங் டேபிள்ல துணியடுக்கு மேல கோடு போடறப்ப சாக்பீஸ் நடுங்கியிருக்கு. ரெண்டு மூணு தடவை மறைச்சுப் பாத்திருக்கார். ஒருநாள் மத்தியானமே ஊட்டுக்கு வந்துட்டார். "கோடு கோணுதுங்கறது எனக்கே தெரியுது. அடுத்தவன் சொல்றதுக்கு முந்தி நானே வந்துட்டேன்"ன்னார். டாக்டர் நடுக்குவாதம்னு சொன்னார். மாத்திரை தடுத்து வைக்கும், குணப்படுத்தாதுன்னும் சொன்னார். அவர் அப்படி நேராச் சொன்னது எனக்கு ஆத்திரமா இருந்துச்சு. கொஞ்சம் பொய் சொன்னா என்ன குறைஞ்சா போயிருவார்னு பஸ்ஸு பூராவும் மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வந்தேன்.

அப்புறம் நடையும் கெட ஆரம்பிச்சுச்சு. நல்லா வருவார், நிலவாசல் கிட்ட வந்ததும் காலு ரெண்டும் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுரும். எக்சர்சைஸ் சொல்லிக்குடுக்க வந்த பொண்ணு, தாளம் ஏதாவது போட்டு அதுக்கு நடக்க வெச்சுப் பாருங்கம்மான்னுச்சு. மக ஃபோன்ல ஒரு டிக் டிக் சத்தத்தை ஏத்திக் குடுத்தா. இவர் கேட்டுட்டு, "இது கடியாரம் கண்ணு. கடியாரத்துக்கு யாரு நடப்பா"ன்னுட்டார். நான்தான் போய் பூப்போட்ட துணியை எடுத்தேன். இத்தனை வருசம் கழிச்சு மூத்தவ பேசுவாளான்னு சந்தேகம். டிரான்ஸ்பார்மரை மாட்டினதும் மாமியார் முனகினா, சிவப்பு லைட்டு கண்ணைத் தொறந்துச்சு. ராக் பட்டனை அமுக்கினேன். டும் டக். நிலவாசல்ல நின்ன காலு தூக்கி வெச்சு வந்துச்சு. அவர் சிரிச்சார். நான் அழுதுட்டேன். போடி இவளேன்னு அந்தப் பொட்டியைச் செல்லமா ஒரு தட்டுத் தட்டினேன்.

கொஞ்ச காலம் அப்படி ஓடுச்சு. ஒருநாள் அவர் கட்டில்ல உக்காந்து ஸ்பீடு திருகை இப்படியும் அப்படியும் திருப்பிக்கிட்டே இருந்தார். கடைசியில சிவப்பு லைட்டு மின்னறதும் அவர் விரல் ஆடறதும் ஒன்னாயிருச்சு. "பாரு அம்மிணி, ரெண்டும் ஒரே ஸ்பீடு. என்ன, எனக்கு ஸ்டாப் பட்டன் வைக்க மறந்துட்டான்"ன்னார். சிரிக்கத்தான் சொன்னார். நானும் சிரிச்சுட்டு, சமையக்கட்டுக்குப் போய்க் குழாயைத் தொறந்துவிட்டுக்கிட்டு நின்னேன்.

அப்புறம் தாளம் போட்டாலும் காலு வரலை. கட்டிலோட ஆயிட்டார். அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். குரல் போனதைத்தான் தாங்க முடியலை. நோவுல குரலும் தேஞ்சுக்கிட்டே வரும்னு டாக்டர் சொல்லியிருந்தார், நான்தான் காதுல வாங்கலை. கிட்டப் போய்க் காதை வெச்சாத்தான் என்ன சொல்றார்னு தெரியும். எங்க ஊடு வேலம்பாளையத்துல. காம்பவுண்டு சுவருக்கு அந்தப்பக்கம் நிட்டிங் யூனிட்டு, ராப்பகலா மெஷின் ஓடும். இந்தப்பக்கம் முன்னறையில என்னோட ஓவர்லாக் மெஷின். அவர் வேலைக்குப் போறது நின்னதுல இருந்து ஜாப் ஒர்க் எடுத்து ஊட்டுலயே தைக்கிறேன். பீஸ் கட்டுக்கட்டா வரும், தைச்சுக் குடுக்கணும். இந்த ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல ஒரு மனுசனோட மூச்சுக்காத்து எப்படிக் கேக்கும்?

ஒருநாள் ஒரு கட்டு முடிச்சுட்டு உள்ள போனேன். அவர் தலையணையில இருந்து சரிஞ்சு, கழுத்து மடங்கின வாக்குல கிடந்தார். கண்ணுல தண்ணி காதுக்குள்ள இறங்கியிருந்துச்சு. தூக்கி உக்கார வெச்சேன். "கூப்பிட்டேன்"ன்னார். அவ்வளவுதான். கோவமில்லை, குத்தமில்லை. அன்னைக்குப் பிடிச்ச பயம் அப்புறம் விடவே இல்லை. இந்த மனுசன் கூப்பிட்டு நான் கேக்காமப் போயிருவேனோங்கறதுதான் அது. வேற எந்த ஆசையும் எனக்கு அப்புறம் கிடையாது. அவர் கூப்பிட்டா எனக்குக் கேக்கணும், நான் போய் நிக்கணும்.

மக ஒரு காலிங் பெல்லு வாங்கி அனுப்பினா. அவர் கைக்குள்ள வெச்சுக்கலாம், அமுக்கினா என் மெஷின் கிட்ட அடிக்கும். ஒரு தடவை கூட அமுக்கலை. கேட்டா, "பெல்லடிச்சுப் பொண்டாட்டியக் கூப்பிட நான் என்ன முதலாளியா"ன்னு மூச்சு வாங்க வாங்கச் சொல்றார். வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. நானும் விடலை, சண்டை போட்டேன். சண்டைக்கு நடுவுல அவர் கண்ணு பொட்டி பக்கம் போச்சு.

ஸ்டூலை இழுத்துக் கட்டிலோட ஒட்டிப் போட்டேன். பொட்டியில இருந்து வயர் இழுத்து, பழைய கச்சேரி ஸ்பீக்கரை முன்னறையில, என் மெஷினுக்கு மேல மாட்டினேன். அந்தக் காலத்து பட்டன் நடுங்கற கைக்கும் ஒத்துவரும், கட்டைவிரலை வெச்சு அழுத்தினா டக்குனு உக்காரும். ரும்பான்னா தண்ணி. ராக்குன்னா புரட்டிப் படுக்க வைக்கணும். டிஸ்கோன்னா வேலை ஒன்னுமில்லை, சும்மா வந்து உக்காரு. பதில் சொல்ல நான் என் மெஷின் பெடலை ரெண்டு மிதி மிதிப்பேன், டர்ர், டர்ர்னு. வர்றேன்னு அர்த்தம். அவர் அதைக் கேட்டுட்டுப் பட்டனை நிறுத்துவார். நிறுத்தினா, என் பதில் அவருக்குக் கேட்டுருச்சுன்னு அர்த்தம். இந்த ஊர்ல புருசன் பொண்டாட்டி இப்படிப் பேசிக்கிட்டது நாங்க ரெண்டு பேராத்தான் இருக்கும்.

அதுலயும் சும்மா இருக்கமாட்டார். தண்ணிக்கு ரும்பா போட்டுட்டு, நான் பெடலை மிதிக்க நேரமானா, நாலாவது சுத்துல சிம்பலை எடுத்துருவார். தண்ணி வேணும்னாலும் வித்தையோடதான் கேப்பார். டிஸ்கோ போட்டா நிட்டிங் யூனிட்டு வடநாட்டுப் பசங்க டீ நேரத்துல சுவரோரம் வந்து நின்னு தோளை ஆட்டுவாங்க. நான் போய் கட்டில் விளிம்புல உக்காருவேன். அவர் பேசமாட்டார், நான் பேசுவேன். மூத்தவளைக் கரிச்சுக் கொட்டுவேன். என்னை வரச்சொல்லவும் இவதான் வேணுமான்னு கேப்பேன். அவர் முகத்துல சிரிப்பு வராது, நோவு முகத்தை இறுக்கிருச்சு. கண்ணுல மட்டும் தெரியும். வால்ட்ஸ் பட்டனுக்கு நாங்க எந்த அர்த்தமும் வைக்கலை. வேணும்னேதான் வைக்கலை, அது எங்க கும்மி.

அன்னைக்குக் காலையில இட்லியை மசிச்சுக் குடுத்தேன், வழக்கத்தைவிட ரெண்டு வாய் அதிகமாவே எறங்குச்சு. துடைச்சுவிட்டு, சட்டை மாத்திவிட்டு வந்து மெஷின்ல உக்காந்தேன். குழந்தைங்க பனியன், மஞ்ச நிறம், கழுத்துப் பட்டி தைக்கணும். வெயில் முன்னறைக்குள்ள வந்திருச்சு.

ஸ்பீக்கர்ல வால்ட்ஸ் கேட்டுச்சு. முதல்ல மெதுவா, வெள்ளைக்காரங்க ஆடற வேகத்துல. நான் தைக்கறதை நிறுத்திட்டுக் காதைக் குடுத்தேன். வேகம் ஏறுச்சு. அந்தத் திருகு இறுகிப்போய்க் கிடந்தது, நான் திருப்பறதே கஷ்டம். இவர் அந்தக் கையை வெச்சுக்கிட்டுத் திருப்பறார். விட்டு விட்டு ஏறுச்சு. ஏறி ஏறி, எங்க ஊர் நோம்பியில கேட்ட அதே கும்மியில வந்து நின்னுச்சு.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. அடப் பாவி மனுசான்னு வாய்விட்டே சொன்னேன். பெடலை ரெண்டு மிதி மிதிச்சேன். தாளம் நிக்கலை. கும்மிக்கு யாரு நிறுத்துவா, ஓடட்டும்னு நினைச்சேன். அவர் எனக்காக வாசிக்கறார், நான் போய்க் கெடுக்க வேண்டாம்னு உக்காந்தேன். அந்தத் தாளத்துக்கே பெடலை மிதிச்சுத் தைச்சேன். மஞ்சப் பட்டி ஒன்னு பின்னால ஒன்னா ஓடுச்சு. கல்யாணமான புதுசுல கூட நான் அப்படிச் சிரிச்சிருக்க மாட்டேன்.

நாலாவது சுத்துக்குக் காத்திருந்தேன். சிம்பல் நிக்கலை. விரல் எட்டலை போலிருக்குன்னு நினைச்சேன். அடுத்த நாலு வந்துச்சு. சிம்பல் அப்படியே அடிச்சுக்கிட்டுப் போச்சு. தைச்சுக்கிட்டே இருந்தேன், ஆனா சிரிப்பு நின்னுருச்சு. அதுக்கடுத்த நாலும் வந்துச்சு. மாறலை. இத்தனை வருசத்துல அந்த மனுசன் கை வெச்ச தாளம் ஒன்னு கூட மாறாமப் போனதில்லை. இது மெஷின் தனியா அடிக்குது. எது ஆள், எது மெஷின்னு எனக்குத் தெரியாதுன்னு அவர் கேலி பண்ணுவார். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுச்சு.

உள்ள போனேன். ஒருக்களிச்சுப் படுத்திருந்தார், முகம் பொட்டியைப் பாத்து. கை திருகுக்குக் கீழ, சிம்பல் பட்டன் பக்கத்துல கிடந்துச்சு. ஆடலை. அவர் தூங்கறப்ப மட்டுந்தான் அந்தக் கை ஆடாது. அதனால தூங்கிட்டார்னு நினைச்சேன். ஏனுங்கன்னு கூப்பிட்டேன். கன்னத்தைத் தொட்டுக் கூப்பிட்டேன். இத்தனை நாளும் அவர் கூப்பிட்டு நான் கேக்காமப் போயிருவேனோன்னுதான் பயந்துக்கிட்டிருந்தேன். நான் கூப்பிட்டு அவருக்குக் கேக்காதுன்னு ஒரு நாளும் நினைச்சுப் பாக்கலை.

பின்னால டாக்டர் வந்து பாத்துட்டு, மூச்சு ஒரு நொடியில நின்னிருக்கும், கூடவே இருந்திருந்தாலும் ஒன்னும் பண்ணியிருக்க முடியாதும்மான்னார். நல்ல சாவு, படாமப் போனார்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. சாவுல நல்லதென்ன கெட்டதென்ன, எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கலை. திருகைத் திருப்பினவருக்கு அந்த ஒரு சிம்பல் பட்டனை அமுக்கற வரைக்கும் உசுரு இருந்திருக்கக்கூடாதா? அதை நினைச்சா இன்னைக்கும் கோவம் வருது. கோவம் யார் மேலன்னு தெரியாததால மூத்தவ மேல காட்டறேன். அவ இப்ப பூப்போட்ட துணிக்குள்ளதான் இருக்கா.

அன்னைக்கு என் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துல எல்லாரும் வந்துட்டாங்க. ஊடு நிறைய ஆளு, அழுகை. அதுக்கு நடுவுல கும்மித் தாளம் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. இதை முதல்ல நிறுத்துங்கப்பா, சாவு ஊட்டுல என்னதுன்னு யாரோ சொன்னாங்க. ஒருத்தர் வயரைப் பிடுங்கக் குனிஞ்சார். இருங்கன்னேன். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் கட்டில் விளிம்புல உக்காந்து, அவர் கையை எடுத்து என் மடியில வெச்சுக்கிட்டு, காதைக் குடுத்துக்கிட்டு இருந்தேன். முதல் சுத்து போச்சு, ரெண்டாவது போச்சு, மூணாவதும் போச்சு. நாலாவது சுத்து ஆரம்பிக்கறப்ப சிம்பல் பட்டனை அமுக்கினேன். வெறும் பேஸும் கட்டைச் சத்தமும் மட்டும் கேட்டுச்சு. அந்த ஒரு சுத்து முடியற வரைக்கும் பொறுத்திருந்துட்டு, அப்புறம் நானே நிறுத்தினேன்.